மட்டை ஊறிய தண்ணீர்

ஆர்க்கிட் செடிக்கு மண் ஆகாது ஐயா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். நல்ல கறுப்பு மண்ணாகப் பார்த்துத் தொட்டியில் நிரப்பி, செடியை நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு மாதத்தில் வேர் அழுகிவிடும். நன்றாகத்தானே கவனித்தோம் என்பார்கள். அது மரத்தின் மேல் வாழ்ந்த சாதி. அதற்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், மூச்சு விட இடம் வேண்டும். அவ்வளவுதான்.

எழுத்தரைக் கூப்பிடுகிறேன் என்றீர்கள், நானே எழுதுகிறேன் என்றேன். எனக்கு எழுத்து வந்ததே நாற்பத்து நாலு வயதில்தான், விகாரையில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சவெங். வயது ஐம்பத்தெட்டு. தாச்சின் ஆற்றுக் கால்வாய்க்கரையில் கேசோன் அம்மாளின் ஆர்க்கிட் தோட்டத்தில் பத்தொன்பது வருடமாகக் கலவைக்காரன். அதற்கு முன்னால் கரும்பு வெட்டினேன். முதுகு அந்தக் கரும்புக் காட்டிலேயே போய்விட்டது. குனிந்து நிமிர்கிற வேலை இனி ஆகாது என்று ஆன பிறகுதான் இங்கே வந்தேன். கலவை வேலை நின்றுகொண்டு செய்கிற வேலை. கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை, தகரக்கூரை, ஒரு மின்விசிறி. வேலை இருக்கும்வரை அறை உண்டு. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அந்த அறையை விட்டால் உலகத்தில் எனக்கு வேறு கதவு கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றது சுலபமாகப் புரியும்.

கலவை என்றால் என்ன என்று கேட்டீர்கள். கரி, தேங்காய் உரிமட்டை, உடைத்த ஓடு. டென்ட்ரோபியம் என்கிற ஆர்க்கிட் வகைக்கு மட்டை கூடுதலாக இருக்கலாம். வாண்டா வகைக்கு மட்டையே வேண்டாம், மரச்சட்டத்தில் நாலு கரித்துண்டு போதும், வேர் காற்றில் தொங்க வேண்டும். அளவு யாருக்கும் வரும். யாருக்கும் வராதது அளவு அல்ல, ருசி. எங்கள் பக்கத்து மட்டை கடலோரத் தோப்புகளிலிருந்து வருகிறது. கரி, உப்பங்கழி மரத்தில் சுட்ட கரி. இரண்டிலும் உப்பு இருக்கும். மட்டையில் துவர்ப்பும் இருக்கும். உப்பு வேரைப் பொசுக்கும், துவர்ப்பு வேரின் நுனியை அடைத்துவிடும். அதனால் சிமெண்டுத் தொட்டியில் மூன்று வாரம் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, கடைசியில் கலவைக்காரன் கொட்டாங்கச்சி அகப்பையால் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்க்க வேண்டும். உப்பு நாக்கு நுனியில் தெரியும். துவர்ப்பு தொண்டையில்தான் தெரியும். ஆகையால் கொஞ்சம் விழுங்கவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் "ஆச்சு" என்று சொல்லலாம். கலவைக்காரன் "ஆச்சு" என்று சொல்லாமல் ஒரு துண்டு மட்டைகூட எங்கள் தோட்டத்தில் தொட்டிக்குப் போகாது.

அம்மாளின் மகன் ஒரு தடவை பாங்காக்கிலிருந்து ஒரு கருவி வாங்கி வந்தான். தண்ணீரில் விட்டால் உப்பை எண்ணில் காட்டும். துவர்ப்பைக் காட்டாது. இரண்டாவது வாரமே அது கால்வாயில் விழுந்துவிட்டது. நான் தள்ளவில்லை. அப்போது என் நாக்கு நன்றாக இருந்தது, தள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

எனக்கு முன்னால் பியன் என்று ஒரு பெரியவர் கலவைக்காரராக இருந்தார். அவரிடம்தான் நான் வேலை பழகினேன். கை நடுங்க ஆரம்பித்ததும், அம்மாளின் கணவர், அப்போது அவர் உயிரோடு இருந்தார், பியனைக் கூப்பிட்டு, "பெரியவரே, கொஞ்சம் உக்காந்து ஓய்வெடுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஒரு வாரத்தில் அறை காலியாகிவிட்டது. அந்த அறைக்குத்தான் நான் வந்தேன். இரண்டு வருடம் கழித்து நக்கோன் பத்தோம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். யாரோ சாப்பிட்டு எறிந்த டப்பாவை வழித்து நக்கிக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. "உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னார். நாக்கு அப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். எழுந்தபோது உடம்பு சரியாகிவிட்டது. கஞ்சியில் மீன் குழம்பை விட்டுச் சாப்பிட்டேன், நனைந்த காகிதத்தைத் தின்பது போல இருந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்து நாக்கில் பிழிந்தேன். குளிர்ச்சி தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. மிளகாயைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் வரவில்லை. வாசனையும் போய்விட்டது. ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. தொட்டியில் மட்டை ஊறிக்கொண்டிருந்தது. தினமும் அகப்பையை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, யோசிக்கிற மாதிரி நின்று, தலையை ஆட்டிவிட்டுத் துப்பினேன். அந்தத் தடவை கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர் மட்டையாக, உப்பில்லாமல் வந்ததால் பிழைத்தேன். அடுத்த வண்டி கடலோர வண்டி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைச் சொல்வது இரக்கம் தேடி அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

மி சானைப் பற்றி இனிமேல் சொல்ல வேண்டும்.

அவள் மொன் சாதிக்காரி, எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவிலிருந்து வந்தவள். வயது நாற்பத்தொன்று. புருஷன் இறால் படகில் போய்த் திரும்பவில்லை. ஊரில் ஒரு மகள். என் கொட்டகையில் மட்டை வெட்டுகிற வேலை. கத்தியை விட வாய் வேகமாக ஓடும், ஆனால் விரலை ஒரு நாளும் வெட்டிக்கொண்டதில்லை. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். ஒரு மத்தியானம் ஒரு கிண்ணத்தில் புளிச்சக்கீரைக் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் ஊரில் அது இல்லாமல் சோறு இறங்காது. நான் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

"எப்பிடிண்ணே இருக்கு?"

"புளிப்பு தூக்கலா நல்லா இருக்கு. உப்பு அளவா இருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இன்னிக்குச் சந்தையில புளிச்சக்கீரை கெடைக்கல. இது வெறும் தண்ணிக்கீரை. உப்பும் போட மறந்துட்டேன். சொல்லலாம்னு வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க மூணாவது தடவ போட்டுட்டீங்க."

நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"எப்போலேந்து?"

"காய்ச்சல்லேந்து."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க உக்காந்திருப்பேனா?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அகப்பையை எடுத்து ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்தாள், விழுங்கினாள், முகத்தைச் சுளித்தாள். "கடல் தண்ணி மாதிரி இருக்கு. இன்னும் பத்து நாள் போகணும். சரி விடுங்கண்ணே. கை உங்ககிட்ட இருக்கு, நாக்கு எங்கிட்ட இருக்கு. ரெண்டும் சேந்தா ஒரு ஆளு ஆச்சு. எம்புருஷன் இருந்தப்ப தெனம் சொல்லுவான், இந்த நாக்க அறுத்துக் கருவாடு போடணும்னு. இப்ப பாருங்க, அதுக்கும் ஒரு வேல கெடச்சிருச்சு."

அப்படித்தான் ஆரம்பித்தது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நான் முதலில் அகப்பையை வாயில் வைப்பேன். பிறகு அவளிடம் நீட்டி, "நீ சொல்லு பாப்போம்" என்பேன். சோதிக்கிற மாதிரி. அவள் சொல்வாள். நான், "ம், சரியாச் சொன்ன" என்பேன். பூக்கட்டுகிற கொட்டகையில் சம்னியாங் என்று ஒருத்தி, ஊர் வம்பெல்லாம் அவளிடம்தான். "என்னடி மி சான், கலவைக் கொட்டகையிலயே குடும்பம் நடத்துற போலிருக்கே" என்று ஒரு நாள் கத்தினாள்.

மி சான் சளைக்கவில்லை. "ஆமாக்கா. இவரு சமையல்ல ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல. அப்பிடி ஒரு ஆம்பளய நீ எங்க போய்ப் புடிப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் உள்ளே இருந்தது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நானும் சிரித்தேன். இரண்டு மழைக்காலம் இப்படி ஓடியது. அந்த இரண்டு வருடமும் தோட்டத்தில் ஒரு வேர்கூடக் கறுக்கவில்லை. கேசோன் அம்மாள் விருந்தாளிகளிடம் என்னைக் காட்டி, "எங்க சவெங் நாக்கு" என்று சொல்வார். மி சான் பக்கத்தில் நின்று மட்டையை வெட்டிக்கொண்டே இருப்பாள்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருவனுடைய ரகசியத்தை வைத்திருப்பவர் நல்லவராக இருந்தாலும் அது கனம்தான். அவள் என்னை மிரட்டியது இல்லை. ஒரு பாட் காசு கேட்டதில்லை. ஆனால் அவள் கொட்டகைக்குள் வரும்போதெல்லாம் என் அறைச் சாவி அவள் இடுப்பில் தொங்குவது போல இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால்? ஊருக்குப் போய்விட்டால்? கோபத்தில் வாய் தவறினால்? காலையில் அவள் வருகிறாளா என்று பாலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். வந்ததும் நிம்மதியாக இருக்கும். நிம்மதியாக இருப்பதே எனக்குப் பிடிக்காமல் போனது.

இந்த வருடம் கோடையில், புதுவருடத் தண்ணீர் விளையாட்டு முடிந்த வாரம், மி சான் அம்மாளின் வீட்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்தேன். வேலையாட்கள் அந்த வீட்டுக்குள் போவது கிடையாது. அவள் கையில் ஒரு சாவி இருந்தது. கலவைக் கொட்டகையின் இரண்டாவது சாவி. அது அம்மாளின் கணவர் இருந்த காலத்திலிருந்து அம்மாளின் அலமாரியில் இருந்தது.

"அம்மா வீட்ல என்ன பேச்சு?" என்று கேட்டேன்.

"சும்மாண்ணே. சாப்பாட்டுப் பேச்சு."

தரையைப் பார்த்துச் சொன்னாள். மி சான் பேசும்போது தரையைப் பார்க்கிற பெண் அல்ல. பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் அம்மாளே கொட்டகைக்கு வந்தார். பழைய நீலத்தைப் பற்றிப் பேசினார். அது ஒரு வாண்டா. அம்மாளின் தாயார் வைத்தது, நாற்பது வருடத்துச் செடி, வேர் மட்டும் ஓர் ஆள் நீளம் தொங்கும். தோட்டத்து நீலமெல்லாம் அதன் பிள்ளைகள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை சட்டத்தையும் கரியையும் மாற்ற வேண்டும். அதை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"சவெங், இந்தத் தடவ பழைய நீலத்த மாத்தும்போது மி சானும் கூட இருக்கட்டும். நீ ஒண்டியா இழுத்துட்டுக் கெடக்காத. வயசாச்சு. கொஞ்சம் உக்காந்து ஓய்வெடு."

அதே வார்த்தை. அம்மாளின் கணவர் பியனிடம் சொன்ன அதே வார்த்தை, அதே மரியாதை.

"சரிங்கம்மா" என்றேன்.

அன்றைக்கு நான் வழக்கம்போல வேலை பார்த்தேன். கரி சலித்தேன். ஓடு உடைத்தேன். பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் தரை எப்படி இருக்கும், குளிர்காலத்தில் எவ்வளவு சில்லென்று இருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. இந்த வயதில் ஆளை மாற்றுகிறார்கள் என்றால் அதில் அழ ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அவள் நாக்கு என்று ஒன்று இருப்பதால்தானே நான் வேண்டாதவன் ஆகிறேன். அது இல்லாவிட்டால் மறுபடியும் கலவைக்காரன் நான் ஒருவன்தான். செடிகளுக்கும் அதுதான் நல்லது. ஒரே கை தொட்ட செடிதான் ஒழுங்காக வளரும். இரண்டு கை பட்டால் வேர் குழம்பிவிடும். இது அனுபவத்தில் சொல்கிறேன்.

கரையோரப் புல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லி ஒரு குப்பி, அரசாங்கம் தடை செய்வதற்கு முன்னால் வாங்கியது, கொட்டகை அலமாரியின் அடியில் கிடந்தது. முன்பெல்லாம் அதில் போட்டிருக்கிற மண்டையோட்டைத்தான் பார்த்து வைத்திருந்தேன். இந்தத் தடவை கீழே இருந்த பொடி எழுத்தையும் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். விழுங்கினால் மாற்று மருந்து கிடையாது என்று போட்டிருந்தது. சரியாகப் படித்தேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். வகுப்பில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழரை மணி. தொட்டியில் கடலோர மட்டை, பதினேழாம் நாள். மி சான் பாலத்தைத் தாண்டி வந்தாள். நெற்றியில் அவள் ஊர்ப் பெண்கள் பூசுகிற மஞ்சள் மரப்பட்டைச் சந்தனம் பூசியிருந்தாள். அகப்பையை நானே எடுத்துவைத்திருந்தேன். மருந்து அதன் அடியில் இருந்தது. அதன் மேல் தொட்டித் தண்ணீரை மொண்டேன். மட்டைத் தண்ணீர் எப்போதும் கறுப்புத்தான். ஒன்றும் தெரியாது.

"இந்தா, பாத்துச் சொல்லு. பழைய நீலத்துக்குக் கரியும் இதுலதான் ஊறுது. நாக்கு நுனியில பத்தாது, தொண்டை வரைக்கும் விடு."

வாய்க்குக் கொண்டுபோனவள் நிறுத்தினாள். "ஏதோ வாட அடிக்குதேண்ணே."

அந்த மருந்துக்கு வாடை உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை ஐயா. எனக்குத்தான் மூக்கு இல்லையே. அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

"கரி மூட்டை நனைஞ்சு கெடக்கு. அந்த வாடதான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். இரண்டு வருடத்தில் அந்த ஒரு தடவைதான் அவள் தன் மூக்கையும் நாக்கையும் விட்டுவிட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டாள். விழுங்கிவிட்டு முகம் கோணினாள், மிச்சத்தைத் துப்பினாள்.

"ஐயோ, கசக்குதுண்ணே. உப்பு இல்ல, துவர்ப்பும் இல்ல. இது வேற என்னமோ. இத நீலத்துக்கு வெச்சிராதீங்க."

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். குறைவாகப் போயிருக்கிறது, இது போதாதோ என்று நினைத்தேன்.

"இன்னொரு தடவ பாரு" என்றேன். "நல்லாப் பாத்துச் சொல்லு. செடி விஷயம்."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள்.

"கசக்குது. தண்ணிய மொத்தமா எறைச்சு ஊத்திட்டு, புதுசா விட்டு, இன்னும் ஒரு வாரம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு மட்டை வெட்ட உட்கார்ந்தாள். அகப்பையைச் சோப்புப் போட்டு நாலு தடவை கழுவி ஆணியில் மாட்டினேன். அந்த மருந்து ஒரு சொட்டு பட்டாலும் வேர் தாங்காது.

பத்து மணிக்கு வாந்தி எடுத்தாள். சம்னியாங்கும் மற்றப் பெண்களும் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் நன்றாகப் பேசினாளாம், வாய் புண்ணாகிப் போன பிறகும் சிரிப்புக் காட்டினாளாம். பிறகு மூச்சு அடைக்க ஆரம்பித்தது. நான் ஒரு தடவை போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். காற்று நிறைய இருக்கிற அறை, குளிர்சாதனம் போட்டிருந்தது. அவ்வளவு காற்று இருந்தும் அவளுக்கு எட்டவில்லை. நான்காம் நாள் சம்னியாங் வந்து சொன்னாள்: "உன்னத்தான் கேக்குறா. தொட்டித் தண்ணி கெட்டிருக்கு, மாத்தச் சொல்லு, ஒரு வாரம் போகட்டும்னு அண்ணங்கிட்டச் சொல்லுங்கறா. சாகக் கெடக்கறவளுக்கு மட்டைக் கவல பாரேன்."

அவள் சொன்னபடியே செய்தேன். தொட்டியை இறைத்தேன், புதுத் தண்ணீர் விட்டேன், ஒரு வாரம் கழித்து எடுத்தேன். அந்தக் கலவை மிக நன்றாக அமைந்தது. டென்ட்ரோபியம் ஆறு வரிசைக்கு அதைத்தான் போட்டோம். வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று ஓடியிருக்கிறது. நீங்கள் வந்து பார்க்கலாம்.

உங்கள் காவலர்கள் அப்போது வந்தார்கள். அலமாரியின் அடியில் குப்பியைப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பெண், எழுத்துத் தெரியாதவள், தவறுதலாகக் குடித்துவிட்டாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். விகாரையில் எரித்தார்கள். எல்லோரும் வைப்பது போல நானும் சிதையில் ஒரு காகிதப்பூவை வைத்தேன். அவள் மகள் சாம்பலை வாங்கிப்போக வந்திருந்தாள். தாயைப் போலவே நெற்றி. என்னிடம் ஒரு டப்பா கொடுத்தாள், காய வைத்த புளிச்சக்கீரை.

"அம்மா போன மாசமே கேட்டிருந்தாங்க மாமா. நாக்குச் செத்தவங்களுக்கு நல்ல புளி தெனம் குடுத்தா திரும்ப வரும்னு எங்க ஊர்ல சொல்வாங்க. அண்ணனுக்குன்னு கேட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். தினமும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டேன். ஒன்றும் திரும்ப வரவில்லை. அது வெறும் ஊர்ப்பேச்சு.

அடுத்த வண்டியும் கடலோர வண்டியாகத்தான் வந்தது. மட்டையும் கரியும் இருபத்தோரு நாள் ஊறட்டும் என்று விட்டேன். நாள் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அகப்பையை எடுத்தேன், வாயில் வைத்தேன், கண்ணை மூடினேன். நீட்டுவதற்குக் கை தானாகப் பக்கவாட்டில் போயிற்று. அங்கே யாரும் இல்லை. "ஆச்சு" என்றேன். அந்தக் கரியில்தான் பழைய நீலத்தை மாற்றி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் வேர் நுனியெல்லாம் கறுத்தது. பச்சையாக, பாம்புக்குட்டி தலை மாதிரி இருக்க வேண்டிய நுனி, தீக்குச்சி எரிந்த மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் கரியை எடுத்து அம்மாள் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். "உப்பு" என்றார். நேற்று காலை அது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தொட்டி ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சவெங், உனக்கு நாக்கு இல்லன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்."

நான் தொட்டியைப் பார்த்தேன்.

"மி சான்தான் சொன்னா. போன மழைக்காலத்துல வந்து அழுதா. 'அம்மா, அண்ணன அனுப்பிராதீங்க. அவரு கலக்கட்டும், நான் ருசி பாக்கறேன். எனக்குச் சம்பளங்கூட ஏத்த வேணாம். நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாம், செத்துருவாரு'ன்னா. சாவி எதுக்குக் குடுத்தேன்னு நெனச்ச? உன் முதுகுக்கு முடியாத நாள்ல காலையில அவ வந்து தொட்டித் தண்ணிய மாத்தறதுக்குத்தான். இப்ப எனக்குச் சொல்லு. அவ எப்பிடி அந்தக் குப்பிய எடுத்துக் குடிச்சா? ஒரு துளி உப்பக் கண்டுபிடிக்கறவ, அத எப்பிடிக் குடிச்சா?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, துக்கத்தில் கேட்டாரா என்று தெரியாது. கரியை எல்லாம் எடுத்துக் கழுவி வைத்தேன். இன்று விடிந்ததும் கால்வாய்க்கரை வழியாக நடந்து இங்கே வந்தேன்.

இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். உங்கள் குறிப்பில் 'தவறுதலாக' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். மி சான் தவறுதலாகக் குடிக்கவில்லை. அவள் நாக்கு தவறுகிற நாக்கு அல்ல. கசக்கிறது என்று இரண்டு தடவையும் சரியாகச் சொன்னாள். நான்தான் கொடுத்தேன். ஒரு தடவை கொடுத்தேன். பிறகு இன்னொரு தடவை கொடுத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாள் சொன்னதைப் பற்றியும் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். மி சான் அப்படிப் போய்ச் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லியிருந்தால் அம்மாள் என்னை அன்றைக்கே அனுப்பியிருப்பார். ஆளை வைத்துக்கொள்வார்களா என்ன, நாக்கு இல்லாத கலவைக்காரனை? பழைய நீலம் போன துக்கத்தில் அம்மாள் ஏதோ சொல்கிறார். வயதானவர், நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அறையில் இன்னும் என் சாமான்கள்தான் இருக்கின்றன. கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். நான் திரும்பி வரும்வரை ஒருவரும் தொட மாட்டார்கள்.

ஒன்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். தொட்டியில் இன்னொரு வண்டி மட்டை ஊறுகிறது, இன்று பதினோராம் நாள். அதை யாரும் அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. நான் வந்து பார்த்துச் சொல்கிறேன்.

நாக்கு எனக்குச் சுத்தமாகப் போய்விட்டது என்று நீங்கள் எழுதுவதும் சரியில்லை. கொஞ்ச நாளாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மத்தியானம் எனக்கும் உங்கள் காவலருக்கும் கஞ்சி வாங்கிக் கொடுத்தீர்கள். காவலர் ஒரு வாய் வைத்துவிட்டு, கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, உப்புக்கு மீன்சாறு வாங்கி வர வெளியே போனார். நான் முழுவதும் சாப்பிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.